சோக் கேபிளில் புகை: ஒரு பழைய ஹெரால்டின் செல்ஃப் மோட்டார்

சாவியைத் திருப்பினேன். இன்ஜினைச் சுற்றிவிடுகிற செல்ஃப் மோட்டார் "ம்ம்ம்" என்று முனகியது. இன்ஜின் அரைச் சுற்று சுற்றி நின்றுவிட்டது. இன்னொரு முறை திருப்பினேன். டேஷ்போர்டுக்குக் கீழே இருந்து புகை வந்தது. வயரிங் எரிகிறது என்று பயந்து ஓடிப்போய் பேட்டரி டெர்மினலைப் பிடுங்கினேன். திரும்பி வந்து பார்த்தால், எரிந்தது எந்தக் கரண்ட் வயரும் இல்லை, சோக் கேபிள். குளிரில் ஸ்டார்ட் செய்யும்போது கார்புரேட்டரில் பெட்ரோலைக் கூட்ட இழுக்கிற வெறும் இரும்புக் கம்பி அது. கரண்டுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. ஆனால் மேலே இருந்த பிளாஸ்டிக் உறை உருகிக் கொப்புளித்திருந்தது. தொட்டேன், விரல் சுட்டுவிட்டது.

வண்டி 1966 மாடல் ஸ்டாண்டர்ட் ஹெரால்டு. இங்கிலாந்தின் டிரையம்ப் ஹெரால்டை மதராஸில் இருந்த ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் கம்பெனி இங்கே தயாரித்தது. 948 சி.சி. இன்ஜின். ஏற்காட்டில் அப்பா கணக்கப்பிள்ளையாக இருந்த காபி எஸ்டேட்டின் வண்டி. மழை நாட்களில் எங்களைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்டது இதுதான். டிரைவர் அண்ணன் அதை எங்கே நிறுத்தினாலும் மூக்கு இறக்கத்தைப் பார்த்தே இருக்கும். அது அவருடைய ஸ்டைல் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எஸ்டேட் கைமாறியபோது ஷெட்டில் பதினோரு வருடமாக நின்றிருந்த வண்டியைப் பழைய இரும்புக்குப் போடப் போவதாகக் கேள்விப்பட்டு, வாங்கி, மினி லாரியில் ஏற்றி, இருபது கொண்டை ஊசி வளைவும் இறக்கி, சேலம் அஸ்தம்பட்டியில் எங்கள் வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்தேன்.

ஹெரால்டில் ஒரு சௌகரியம் உண்டு. பானெட் மட்டும் திறக்காது; மட்கார்டு, ஹெட்லைட் எல்லாமாகச் சேர்ந்து முன்பக்கம் மொத்தமும் முன்னால் கவிழும். முன் டயர் மேல் உட்கார்ந்துகொண்டு, மடியில் டீ டம்ளரோடு வேலை பார்க்கலாம். இன்றைய வண்டிகளில் பல்பு மாற்றுவதற்கே பம்பரைக் கழற்றச் சொல்கிறார்கள்.

வந்து பார்த்தவர்கள் எல்லாரும் ஒரே தீர்ப்புதான் சொன்னார்கள்: "செல்ஃப் போச்சு. வேற வண்டி செல்ஃப் ஒண்ண ஆல்டர் பண்ணிப் போட்டுக்கங்க." ஒருவர் மட்டும் அப்படிச் சொல்லவில்லை. லீ பஜார் பக்கம் ஒரு சந்தில் செல்ஃப், டைனமோ பார்க்கிற பெரியவர். சோக் கேபிள் எரிந்த கதையைச் சொன்னதும் சிரித்தார்.

"கரண்டு போனா திரும்பி வரணுமுல்ல தம்பி. மெயின் ரோட்ட அடச்சுட்டா சந்துல பூந்து வரும். உங்க வண்டில எர்த் பட்டை இருக்குதான்னு பாருங்க."

பார்த்தேன். இல்லை.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். பேட்டரியின் ஒரு முனை பாடியோடு சேர்ந்திருக்கிறது. இன்னொரு முனையிலிருந்து தடித்த கேபிள் சொலினாய்டு என்கிற பெரிய சுவிட்ச் வழியாக செல்ஃப் மோட்டாருக்குப் போகிறது. மோட்டாரின் உடம்பு இன்ஜினில் போல்ட் போட்டு இறுக்கியிருப்பதால், திரும்பி வரும் கரண்ட் இன்ஜினுக்குள் வந்துவிடும். ஆனால் இன்ஜினும் கியர்பாக்ஸும் உட்கார்ந்திருப்பது ரப்பர் மேல். ரப்பரில் கரண்ட் போகாது. அதனால்தான் இன்ஜினுக்கும் பாடிக்கும் நடுவே பின்னல் போட்ட செம்புப் பட்டை ஒன்றைக் கட்டியிருப்பார்கள். கியர்பாக்ஸ் இறக்கும்போது அதைக் கழற்றுவார்கள். திரும்ப ஏற்றும்போது மறந்துவிடுவார்கள். அது இல்லாமலும் லைட் எரியும், ஹாரன் அடிக்கும், எதுவும் வெளியே தெரியாது. செல்ஃப் அடிக்கும்போதுதான் நூறு ஆம்பியருக்கு மேல் கரண்ட் வழி தேடி அலையும். இன்ஜினையும் பாடியையும் தொட்டுக்கொண்டிருக்கிற உலோகம் வேறென்ன? சோக் கேபிள், ஆக்சிலேட்டர் கம்பி, இந்த மாதிரிதான். பாவம், அவை காய்ந்து சிவக்கும்.

பழைய வண்டியின் சோக் கேபிள் தீய்ந்திருந்தாலோ ஆக்சிலேட்டர் கம்பி அடிக்கடி இறுகிக்கொண்டாலோ முதலில் எர்த் பட்டையைத் தேடுங்கள். அதற்கு முன் செல்ஃபைக் கழற்றாதீர்கள்.

கண்ணால் பார்ப்பதைவிட மீட்டர் வைத்துப் பார்ப்பது நம்பகமானது. 500 ரூபாய்க்குள் கிடைக்கிற சாதாரண மல்டிமீட்டர் போதும். டி.சி. 20 வோல்ட் ரேஞ்சில் வைத்துக்கொள்ளுங்கள். இன்ஜின் ஸ்டார்ட் ஆகிவிடாமல் இருக்க இக்னிஷன் காயில் வயரைக் கழற்றிவிடுங்கள். வீட்டில் யாரையாவது சாவியைத் திருப்பச் சொல்லிவிட்டு, செல்ஃப் சுற்றும்போதே அளக்க வேண்டும். சும்மா இருக்கும்போது அளப்பதில் பிரயோஜனம் இல்லை. நான் அளந்தபோது பேட்டரி முனைகளில் 10.6 வோல்ட் இருந்தது. சுற்றும்போது இது நல்ல அளவுதான். 9.6-க்குக் கீழே போனால் பேட்டரியைத்தான் சந்தேகிக்க வேண்டும். அப்புறம் மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் எர்த் கம்பத்திலும் மறுமுனையை இன்ஜின் பிளாக்கிலும் வைத்தேன். 2.1 வோல்ட் காட்டியது. அதாவது இருக்கிற 10.6-இல் 2.1 திரும்பி வரும் வழியிலேயே வீணாகிறது. அந்த இடத்தில் 0.2-க்கு மேல் இருக்கக் கூடாது. பட்டையைக் கட்டி, இரண்டு முனையிலும் பெயின்ட்டையும் துருவையும் எமரி பேப்பரால் தேய்த்துப் பளிச்சென்று ஆக்கி இறுக்கிய பிறகு 0.12 வந்தது. இதே மாதிரி பேட்டரியின் இன்னொரு கம்பத்திலிருந்து செல்ஃப் டெர்மினல் வரைக்கும் அளந்தேன். அங்கே 0.9. அந்தத் திருடன் சொலினாய்டுக்குள் ஒளிந்திருந்தான்.

அந்தக் காலத்து லூகாஸ் வகை சொலினாய்டின் பின்னால் ஒரு ரப்பர் பொத்தான் இருக்கும். கையால் அமுக்கினாலே செல்ஃப் சுற்றும். சாவியைத் திருப்பினால் சத்தமே இல்லை, பொத்தானை அமுக்கினால் நன்றாகச் சுற்றுகிறது என்றால் கோளாறு சாவியிலோ சின்ன வயரிலோதான். அமுக்கினாலும் நோஞ்சானாகச் சுற்றினால் சொலினாய்டு, கேபிள், மோட்டார் என்று மேலே தேட வேண்டும். அமுக்குவதற்கு முன் கியர் நியூட்ரலில் இருக்கிறதா என்று இரண்டு தடவை பாருங்கள். நான் பார்க்காமல் அமுக்கியதில் வண்டி ஓரடி துள்ளி வாசல் கோலத்தின் மேல் நின்றது. வீட்டில் அன்றைக்கு டீ கிடைக்கவில்லை.

என்னுடைய சொலினாய்டின் விளிம்பு மடித்து மூடப்பட்டிருந்தது. மடிப்பை மெதுவாக நிமிர்த்தித் திறந்தேன். உள்ளே ஒரு செம்புத் தட்டு, இரண்டு செம்புக் கம்பத் தலைகள். தட்டு மேலே போய் இரண்டையும் தொட்டால் கரண்ட் பாய்கிறது, அவ்வளவுதான் விஷயம். தட்டின் ஒரு முகம் அம்மை போட்டதுபோல் குழிகுழியாகக் கருத்திருந்தது. மறுமுகம் புதுசு மாதிரி இருந்தது. திருப்பிப் போட்டேன், கம்பத் தலைகளை அரத்தால் சமப்படுத்தினேன். 0.9 வோல்ட் 0.15 ஆனது. செலவு பூஜ்யம். புது சொலினாய்டு கடையில் கிடைக்கிறது, ஆனால் பல புதுசுகளில் அந்த ரப்பர் பொத்தான் இருப்பதில்லை. எனக்கு அந்தப் பொத்தான் வேண்டும்.

இவ்வளவும் செய்த பிறகு இன்ஜின் சுற்றியது. ஆனால் சுற்றுகிற சத்தத்தில் ஒரு இழுவை, ஒரு கரகரப்பு இருந்தது. சரி, இப்போது கழற்றலாம் என்று முடிவு செய்தேன்.

கழற்றும்போது முதலில் பேட்டரியின் எர்த் பக்கத்தை எடுங்கள். அது பாசிட்டிவோ நெகட்டிவோ, எது பாடியோடு சேர்ந்திருக்கிறதோ அது. பழைய இங்கிலாந்து வண்டிகளில் பாசிட்டிவைப் பாடிக்குக் கொடுப்பது வழக்கம். என் வண்டியில் யாரோ எப்போதோ நெகட்டிவுக்கு மாற்றியிருந்தார்கள். செல்ஃபைப் பொறுத்தவரை இது ஒரு பொருட்டில்லை. அசையாமல் நிற்கிற ஃபீல்டு காயிலும் சுற்றுகிற ஆர்மேச்சரும் ஒன்றன் பின் ஒன்றாக சீரீஸில் இருப்பதால், பேட்டரியை மாற்றிக் கொடுத்தாலும் மோட்டார் அதே பக்கம்தான் சுற்றும். டைனமோதான் குழம்பிப்போகும்.

மோட்டார் கைக்கு வந்ததும் அதன் கனமே ஒரு மரியாதையைக் கொடுத்தது. லூகாஸ் டி.வி.எஸ். 1961-இல் தொடங்கப்பட்ட கம்பெனி. ஆரம்ப காலத்துச் சரக்கு. பின்பக்கம் ஒரு தகரப் பட்டை சுற்றியிருக்கும். அந்தத் திருகைத் தளர்த்தி நகர்த்தினால் ஜன்னல் மாதிரி ஓட்டைகள், உள்ளே ஆர்மேச்சருக்குக் கரண்ட் கொடுக்கிற நான்கு கார்பன் கட்டைகள். என் மோட்டாரில் ஒரு ஜன்னலைக் குளவிக்கூடு அடைத்திருந்தது. பதினோரு வருடம் ஷெட்டில் நின்றதல்லவா. மண்ணைச் சுரண்டி எடுத்த பிறகு பார்த்தால் நான்கில் இரண்டு கார்பன் கூட்டுக்குள் இறுகி, ஆர்மேச்சரின் செம்பு உருளையான கம்யூட்டேட்டரைத் தொடாமலே நின்றிருந்தன. வயரைப் பிடித்து லேசாக இழுத்துவிட்டால் கார்பன் வழுக்கிக்கொண்டு மேலும் கீழும் போக வேண்டும். சிக்கினால் பெட்ரோல் நனைத்த துணியால் துடைத்து, கார்பனின் பக்கவாட்டை மட்டும் பட்டை அரத்தால் ஒரு இழுப்பு. நீளம் 8 மில்லிமீட்டருக்குக் கீழே போயிருந்தால் மாற்றிவிட வேண்டியதுதான். என்னுடையவை 7, 7, 9, 10. நான்கையும் மாற்றினேன்.

மாற்றுவது என்றால் ஸ்க்ரூ கழற்றிப் போடுகிற வேலை இல்லை. இரண்டு கார்பனின் வயர் மூடியில் ஈயத்தால் பற்றவைத்திருக்கும். மற்ற இரண்டு ஃபீல்டு காயிலோடு பற்றவைத்திருக்கும். என்னிடம் இருந்தது ரேடியோ வேலைக்கான 25 வாட் சால்டரிங் அயர்ன். தடித்த செம்பின் மேல் அதை வைத்தால், யானைக்கு சோளப்பொரி. ஈயம் உருண்டு உருண்டு உட்கார்ந்தது. ஒட்டிக்கொண்டது என்று நம்பி மூடினேன். இன்ஜினில் மாட்டி மூன்றாவது தடவை அடித்தபோது ஒட்டு சூடாகி ஈயம் உருகி, வயர் விட்டுக்கொண்டது. மறுபடி கழற்றல்.

செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் பழைய நண்பனிடம் கொண்டுபோனேன். நெருப்போடு பழகிய கை. ஊதுகுழல் சுடரைக் காட்டப்போனவன், காயில் மேலே சுற்றியிருந்த நூல் நாடாவைப் பார்த்ததும் கையை இழுத்துக்கொண்டான். "டேய், இதுல தீயக் காட்டுனா மொத்தமும் பொசுங்கிரும்." பக்கத்துத் தெருவில் தகர வேலை செய்பவரிடமிருந்து கரியடுப்பில் வைக்கிற பெரிய செம்புக் கட்டையை வாங்கி வந்தான். முதலில் செம்பைச் சுரண்டி, பசை தடவி, இரண்டு பக்கமும் தனித்தனியாக ஈயப்பூச்சு கொடுத்தான். அப்புறம் இரண்டையும் சேர்த்து வைத்து, அடுப்பிலிருந்து எடுத்த கட்டையை ஒரே அழுத்து. நாலைந்து வினாடி. ஈயம் தண்ணீராக ஓடி இடுக்கெல்லாம் நிரம்பி, கண்ணாடிபோல் இறுகியது. காயிலுக்குச் சூடு ஏறாமல் இருக்க ஒட்டுக்குப் பக்கத்தில் இடுக்கியைப் பிடித்துக்கொண்டிருந்தது மட்டும்தான் என் பங்கு. கார்பன் வயரின் நுனியோடு ஈயம் நிற்க வேண்டும். வயர் நெடுக ஏறிவிட்டால் வயர் குச்சிபோல் விறைத்து, கார்பன் சுதந்திரமாக இறங்காது. இதையும் அவன்தான் பார்த்துச் சொன்னான். இத்தனைக்கும் செல்ஃப் மோட்டாரை அன்றைக்குத்தான் முதன்முதலில் திறந்து பார்க்கிறான்.

சில மோட்டார்களில் ஃபீல்டு காயில் அலுமினியமாக இருக்கும். அதில் ஈயம் ஒட்டாது. அப்படி இருந்தால் பழைய கார்பன் வயரை அடியோடு வெட்டாமல், காயில் பக்கம் ஒரு துண்டு விட்டு வெட்டி, அந்தத் துண்டோடு புது வயரைப் பற்றவைக்க வேண்டும்.

அடுத்தது என் பெரிய முட்டாள்தனம்.

கம்யூட்டேட்டர் என்பது செம்புக் கட்டைகளை வட்டமாக அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் நடுவே மைக்கா தகடு வைத்த உருளை. டைனமோவாக இருந்தால் அந்த மைக்காவைச் செம்பைவிடக் கொஞ்சம் பள்ளமாக, ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான ஆழத்துக்குக் கீறிவிட வேண்டும். மிக்ஸி, டிரில் மோட்டார் ஆர்மேச்சர்களிலும் அப்படிச் செய்து பார்த்திருக்கிறேன். அதே ஞாபகத்தில் ஹாக்ஸா பிளேடை உடைத்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து, செல்ஃப் ஆர்மேச்சரிலும் எல்லாக் காடியையும் அழகாகக் கீறி வைத்தேன். பெருமையாக லீ பஜார் பெரியவரிடம் எடுத்துப்போய் நீட்டினேன்.

அவர் கண்ணாடியை மேலே தள்ளிவிட்டுப் பார்த்தார். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

"யாரு தம்பி இதக் கீறுனது?"

"நான்தான் அண்ணே."

"செல்ஃபுக்கு மைக்காவக் கீறக் கூடாது சாமி. இதோட கார்பன் கையில எடுத்துப் பாத்தீங்களா? செவப்பா மினுக்குதுல்ல? செம்பு கலந்திருக்குது. தேஞ்சு விழுற தூள் காடில அடஞ்சா ஒரு கட்டைக்கும் இன்னொரு கட்டைக்கும் ஷார்ட்டு."

லூகாஸ் கம்பெனியின் சர்வீஸ் கையேடுகளிலும் இதையே கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார்கள் என்பதைப் பிறகு படித்தேன். முதலில் படித்திருக்கலாம். கடைசியில் லேத்தில் கொடுத்து, காடியின் அடி தெரியும்வரை செம்பைச் சீவ வேண்டியதாயிற்று. இன்னும் பல வருடம் தேய வேண்டிய செம்பு அது. சீவிய பிறகு மெல்லிய கண்ணாடித் தூள் பேப்பரால் மெருகு கொடுத்தார்கள். கறுப்பு எமரியைத் தொடாதீர்கள். அந்தப் பொடி செம்பில் பதிந்து கார்பனைத் தின்னும்.

ஆர்மேச்சரை அவர் சோதித்த விதத்தையும் சொல்ல வேண்டும். அவரிடம் கிரவுலர் என்கிற ஒரு சாதனம் இருந்தது. வி வடிவ இரும்புக் கட்டை, அடியில் காயில், 230 வோல்ட் இணைப்பு. ஆர்மேச்சரை அந்த மடியில் படுக்கவைத்து, சுவிட்ச் போட்டு, ஹாக்ஸா பிளேடை அதன் முதுகில் நீளவாக்கில் பிடித்துக்கொண்டே மெதுவாக உருட்டினார். உள்ளே ஏதாவது ஒரு சுற்று ஷார்ட் ஆகியிருந்தால் அந்த இடத்தில் பிளேடு 'டர்ர்ர்' என்று அதிரும். என்னுடையது கடைசிவரை சத்தம் போடவில்லை. அப்புறம் சீரீஸ் பல்பின் ஒரு முனையைத் தண்டிலும், மறுமுனையைச் செம்புக் கட்டை ஒவ்வொன்றிலும் தொட்டார். பல்பு எரியவில்லை. எரிந்தால்தான் கோளாறு. இதை நீங்கள் வீட்டில் செய்யாதீர்கள். 230 வோல்ட் விளையாட்டு அவர் கைக்கு மட்டும். வீட்டில் மல்டிமீட்டரில் ஓம்ஸ் வைத்துப் பார்த்தால் ஓரளவுக்குத் தெரிந்துவிடும்.

கரகரப்புக்குக் காரணம் புஷ். தண்டின் இரண்டு முனையும் உட்காருகிற சின்ன வெண்கலக் குழாய்கள். தேய்ந்துபோனால் ஆர்மேச்சர் தொங்கி, சுற்றியிருக்கும் காந்தக் கட்டையில் உரசும். ஆர்மேச்சர் உடம்பில் ஒரு பக்கம் மட்டும் பளபளப்பான கீறல் தெரிந்தால் அதுதான் அடையாளம். லேத் பட்டறையில் கன்மெட்டலில் புஷ் கடைந்து தருவார்கள், தப்பில்லை. ஆனால் கம்பெனி போட்டது வேறு சாதி. பொடியை அழுத்திச் செய்த, நுண்துளைகள் உள்ள வெண்கலம். எண்ணெயைக் குடித்துவைத்துக்கொண்டு, சூடாகும்போது கொஞ்சம் கொஞ்சமாகக் கக்கும். பொருத்துவதற்கு முன் சுத்தமான இன்ஜின் ஆயிலில் 24 மணி நேரம் ஊறவைக்க வேண்டும். அவசரமானால் ஒரு வேடிக்கை வழி உண்டு: புஷ்ஷின் அடி ஓட்டையைக் கட்டைவிரலால் மூடி, உள்ளே ஆயிலை நிரப்பி, மேல் ஓட்டையை ஆள்காட்டி விரலால் மூடி அழுத்துங்கள். வெளிச்சுவர் முழுக்க வியர்வை மாதிரி எண்ணெய் பொடிக்கும். நான் செய்துபார்த்தேன். சின்னப் பிள்ளைபோல் நாலு தடவை செய்தேன். இந்தப் புஷ்ஷை அடித்து இறக்கிய பிறகு உள்ளே ரீமர் போட்டுக் கடையக் கூடாது. துளைகள் அடைபட்டுவிடும்.

மிச்சம் இருந்தது பெண்டிக்ஸ். செல்ஃபின் மூக்கில் இருக்கிற பல்சக்கரம். புது வண்டிகளில் சொலினாய்டே அதைத் தள்ளிவிடும். இந்தப் பழைய வகையில் தள்ளுகிற ஆள் கிடையாது. மோட்டார் சட்டென்று சுழலும்போது, பல்சக்கரம் கூடவே சுழலச் சோம்பல்பட்டு, திருகுமரையில் தானாக ஊர்ந்து போய், இன்ஜினின் பிளைவீல் விளிம்பில் இருக்கிற பல் ரிங்கைக் கவ்வும். இன்ஜின் பிடித்துக்கொண்டதும் ரிங் அதைத் திருப்பி எறிந்துவிடும். அந்தத் திருகுமரை வழுவழுவென்று ஓடுகிறதா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கழற்றும்போது பெரிய ஸ்பிரிங்கை நன்றாக அமுக்கிப் பிடித்துக்கொண்டு வளையத்தை எடுக்க வேண்டும். என் பிடி நழுவியதில் வளையம் பறந்து பக்கத்து வீட்டு துளசி மாடத்தில் விழுந்தது.

எல்லாவற்றையும் மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்தேன். பளபளவென்று இருந்தது. இவ்வளவு உழைத்த கைக்கு அதோடு நிறுத்தத் தோன்றவில்லை. மஞ்சள் கிரீஸ் டப்பாவைத் திறந்து, திருகுமரை முழுக்கத் தாராளமாக அப்பினேன். இனி பத்து வருடத்துக்குக் கவலையில்லை என்று நினைத்தேன்.

அஸ்தம்பட்டி வெயிலில் வண்டி அருமையாக ஸ்டார்ட் ஆனது. ஒரு வாரம் ஓட்டிப் பார்த்துவிட்டு, டிசம்பர் மாதம் ஒரு சனிக்கிழமை ஏற்காட்டுக்குக் கிளம்பினேன். கோரிமேடு, அடிவாரம் தாண்டி, இரண்டாவது கியரிலேயே ஏறியது. ஒவ்வொரு வளைவிலும் பைக் பையன்கள் திரும்பிப் பார்த்தார்கள், நானும் கொஞ்சம் நிமிர்ந்துதான் உட்கார்ந்திருந்தேன். எஸ்டேட் பக்கம் தெரிந்தவர் வீட்டில் ராத் தங்கல்.

சுமார் 1500 மீட்டர் உயரத்தில் டிசம்பர் விடியல் எப்படி இருக்கும் என்பது சேலத்தில் கிரீஸ் அப்புகிறவனுக்கு ஞாபகம் வராது. காலையில் சாவியைத் திருப்பினேன். 'உய்ய்ய்ங்' என்று மோட்டார் மட்டும் வெறுமனே சுற்றியது. இன்ஜின் அசையவில்லை. மறுபடியும் 'உய்ய்ய்ங்'. கிரீஸ் குளிரில் கட்டிப்போய், கிளட்ச் தூசியையும் இழுத்துக்கொண்டு, பல்சக்கரத்தை இருந்த இடத்திலேயே ஒட்டவைத்துவிட்டது.

இந்தச் சத்தத்தைக் காதில் ஏற்றிக்கொள்ளுங்கள். 'டக்' என்று ஒரே சத்தம் வந்து நின்றால் கரண்ட் கோளாறு, அல்லது பல்சக்கரம் ரிங்கில் சிக்கிக்கொண்டது. சிக்கியிருந்தால் டாப் கியர் போட்டு வண்டியை முன்னும் பின்னும் ஆட்டினால் விட்டுவிடும். அல்லது செல்ஃபின் பின்னால் சின்ன மூடியைக் கழற்றினால் தண்டின் சதுர முனை தெரியும், ஸ்பேனர் போட்டுத் திருப்பலாம். முனகலாகச் சுற்றினால் எர்த், கேபிள், கார்பன், புஷ். 'உய்ங்' என்று வெறுமனே சுற்றினால் பெண்டிக்ஸ் அழுக்கு. எப்போதாவது ஒருமுறை மட்டும் கரகரவென்று பல் உரசினால் பிளைவீல் ரிங்கைச் சந்தேகப்படுங்கள். நான்கு சிலிண்டர் இன்ஜின் ஆஃப் ஆகும்போது பெரும்பாலும் இரண்டே இடங்களில்தான் நிற்கும். அதனால் ரிங் பற்களும் அந்த இரண்டு இடத்தில்தான் தேயும்.

அந்தக் காலை எனக்குத் துணைக்கு வந்தது பழைய டிரைவர் அண்ணன். எழுபதைத் தாண்டிவிட்டார். ஹெரால்டு வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டு, குல்லாயும் மஃப்ளருமாக, கையில் ஊன்றுகோலோடு பார்க்க வந்திருந்தார். நானும் இரண்டு தோட்டத் தொழிலாளர்களும் வண்டியைத் தள்ளி, ஒண்டிக்கடைப் பக்கம் இறங்குகிற சாலையில் உருட்டிவிட்டு, இரண்டாவது கியரில் கிளட்ச்சை விட்டதும் பிடித்துக்கொண்டது. அப்புறம் செல்ஃபைக் கழற்றி, அவர் வீட்டுத் திண்ணையில் வைத்து, பெட்ரோலில் கிரீஸை ஒரு துளி விடாமல் கழுவினேன். மரை வெறும் உலோகமாக, காய்ந்து, கையால் சுழற்றினால் 'கிர்ர்' என்று தானாக ஓட வேண்டும். எண்ணெய் போட்டே தீர வேண்டுமென்றால் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு, அதையும் துடைத்துவிட வேண்டும்.

கழுவுவதைப் பார்த்துக்கொண்டே டிரைவர் அண்ணன் பேசிக்கொண்டிருந்தார். எர்த் பட்டை இல்லாமல் கிடந்ததைச் சொன்னேன்.

"அதுங்களா தம்பி... ஒரு தடவ கியர்பாக்ஸ் எறக்கறதுக்குக் கீழ ஒரு ஒர்க்‌ஷாப்ல விட்டோம்ங்க. வந்ததுலருந்தே செல்ஃபு சொணங்குச்சு. கேட்டா பேட்டரி வீக்குன்னாங்க. பேட்டரி மாத்துனோம், அப்பவும் அப்படியேதான். தொரைகிட்ட எத்தன தடவ சொல்றது? அப்புறம் நான் சொல்றதையே விட்டுட்டேன். வண்டிய எங்க நிறுத்துனாலும் எறக்கம் பாத்து நிறுத்திருவேன். உருட்டிவிட்டாப் போதும், செல்ஃபே வேண்டாம்."

நான் தலையைத் தூக்கிப் பார்த்தேன். அவர் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆனா ஒண்ணு மட்டும் இன்னி வரைக்கும் எனக்குப் புரியலீங்க. அந்தச் சோக் வயரு ரெண்டு தடவ தீஞ்சு போயி மாத்துனோம். கரண்டே இல்லாத வயரு எப்படிங்க தீயும்?"

கையில் இருந்த பெண்டிக்ஸைத் திண்ணையில் வைத்துவிட்டு, துணியால் விரலைத் துடைத்துக்கொண்டு, சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, பழைய செய்தித்தாளின் ஓரத்தில் பேட்டரி ஒன்றை வரைய ஆரம்பித்தேன்.